கன்னி மூலையில் எழுந்து ஈசானி மூலையில் மறைவது: கொடைக்கானலில் இருந்து விண்வெளி நிலையம் பார்க்க

"எந்தப் பக்கமிருந்து வரும்?" புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு என் பதில் உடனே புரிந்துவிடும். கன்னி மூலையில் எழுந்து ஈசானி மூலையில் இறங்கும். இல்லையென்றால் வாயு மூலையில் எழுந்து அக்னி மூலையில் இறங்கும். அதாவது தென்மேற்கிலிருந்து வடகிழக்கு, அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு. நம் மலையிலிருந்து பார்த்தால் சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ இந்த இரண்டு வழியில்தான் போகும். கிழக்கில் எழுந்து மேற்கே போவது என்பது கிடையவே கிடையாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாங்கள் கொடைக்கானலுக்குப் பக்கத்தில், வில்பட்டிப் பக்கம் இருக்கிறோம். நானும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் தெருப் பிள்ளைகள் மூன்று பேரும் ஆரம்பித்தது. இப்போது மேல்மலை ஊர்களிலிருந்துகூட "அடுத்தது எப்போது?" என்று கேட்டு போன் வருகிறது. அப்படிக் கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொலைநோக்கி வேண்டாம், காசு வேண்டாம். நேரமும் திசையும் தெரிய வேண்டும், கூட நிற்க நாலு பேர் வேண்டும்.

முதலில், நாம் பார்ப்பது என்ன

பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆட்கள் தங்கி வேலை செய்யும் ஆய்வுக்கூடம்தான் இந்த நிலையம். 1998 நவம்பர் 20 அன்று இதன் முதல் பகுதி விண்ணுக்குப் போனது. அப்புறம் ஒவ்வொரு பகுதியாகக் கொண்டுபோய் மேலேயே இணைத்தார்கள். 2000 நவம்பர் 2 முதல் இன்றுவரை அதில் ஆள் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. சூரியத் தகடுகளையும் சேர்த்து 109 மீட்டர் நீளம், எடை சுமார் 420 டன். மணிக்கு ஏறத்தாழ 27,600 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பூமியை ஒரு முறை சுற்றிவிடுகிறது.

உயரம் நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த எண்ணைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் நான் இப்படிச் சொல்வேன்: கொடைக்கானலில் இருந்து சென்னைக்கு நேர்க்கோடு போட்டால் எவ்வளவு தூரமோ, ஏறத்தாழ அவ்வளவு உயரம். இரவுப் பேருந்தில் ஏறினால் விடிந்துதான் சென்னையில் இறங்குகிறோம். அந்தத் தூரத்தை நிமிர்த்தி வைத்தால் அதன் நுனியில் நிலையம் இருக்கும்.

நமக்குத் தெரிகிற வெளிச்சம் நிலையத்தில் எரியும் விளக்கு அல்ல, அதன்மீது பட்டுத் திரும்பும் வெயில். இதை மலைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. மாலையில் பெருமாள் மலை உச்சியில் வெயில் மஞ்சளாக நிற்கும்போதே கீழே பள்ளத்து வீடுகளில் விளக்குப் போட்டிருப்பார்கள் அல்லவா? அதேதான். நாம் பள்ளத்து வீடு, நிலையம் மலை உச்சி. நமக்கு இருட்டிவிட்டது, அதற்கு இன்னும் வெயில் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பார்க்க முடியும். ஆகவே சூரியன் மறைந்த பின் ஒன்றரை மணி நேரம், உதிக்கும் முன் ஒன்றரை மணி நேரம், இவ்வளவுதான் நமக்கான வேளை. நடு இரவில் நிலையம் தலைக்கு மேலே போனாலும் அது பூமியின் நிழலுக்குள் இருக்கும், தெரியாது. பகலிலும் தினமும் நம்மைக் கடந்து போகிறது, வெளிச்சத்தில் கண்ணுக்கு அகப்படாது.

எந்த மாதம், எந்த வாரம்

மலையில் வானம் திறந்திருப்பதுதான் முதல் கவலை. தென்மேற்குப் பருவம், அதன் பின் வடகிழக்குப் பருவம் என்று ஜூனில் இருந்து டிசம்பர் வரை மேகம்தான் ஆட்சி செய்யும். ஜனவரியில் இருந்து மார்ச் வரை கண்ணாடி போல இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த மூன்று மாதத்தில் தொடங்குங்கள். மழைக்காலத்தில் தொடங்கினால் நாலு முறை ஏமாந்து, ஐந்தாவது முறை வரமாட்டீர்கள்.

வருகைகள் தொகுப்பு தொகுப்பாக வரும். நிலையத்தின் பாதை நம் ஊரைக் கடக்கும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 24 நிமிடம் முன்னே நகர்ந்துகொண்டே போகிறது. அதனால் ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக மாலையில் தெரியும். பிறகு பகலுக்குள் போய் மறைந்துவிடும். ஒரு மாதம் போல இடைவெளி விட்டு அடுத்த மாலைத் தொகுப்பு வரும். கவனித்தால் ஒரு ஒழுங்கு புரியும். இந்த முறை மாலையில் கன்னி மூலையிலிருந்து வந்தால், அடுத்த மாலைத் தொகுப்பு வாயு மூலையிலிருந்து வரும். மாலைத் தொகுப்பு நடக்கும் அதே நாட்களை ஒட்டி, விடியற்காலையிலும் மற்றொரு வழியில் வருகைகள் இருக்கும்.

ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "எங்களுக்கு ஒரே இரவில் மூன்று நான்கு முறை தெரிகிறதே" என்பார்கள். நமக்கு அப்படி இல்லை. நிலையம் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பூமி கிழக்கே 23 பாகை (டிகிரி) திரும்பிவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அது இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். அடுத்த சுற்று அரபிக் கடலின் அந்தக் கரைப் பக்கம் போய்விடும். ஆகவே நமக்கு ஒரு மாலைக்கு உருப்படியான வருகை ஒன்றுதான். அந்தத் தொகுப்பிலும் ஒரு நாள் தலைக்கு மேல் போகும், மறுநாள் ஓரமாக மலைக்குப் பின்னால் போய்விடும். நல்ல நாளைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

நேரத்தைக் கண்டுபிடிப்பது

நாசாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்' ஆப் இருக்கிறது. 'ஹெவன்ஸ்-அபவ்' என்ற தளமும் ஆப்பும் இருக்கின்றன. நான் பயன்படுத்துவது இரண்டாவதை. எதைத் திறந்தாலும் முதல் வேலை, நம் ஊரைக் குறித்துக் கொடுப்பது. இதைச் செய்யாமல் விட்டதால் எனக்கு முதல் இரண்டு மாலைகள் வீணாயின. ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் இடத்தைக் குறிக்காவிட்டால் அது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்துக் கடலில், அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூஜ்யமாக இருக்கும் புள்ளிக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும். அந்தக் கடலுக்கான நேரத்தை வைத்துக்கொண்டு பாட்டியையும் பிள்ளைகளையும் குளிரில் நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு நாளும் இன்னும் மனதில் இருக்கிறது. கொடைக்கானலுக்கு வடக்கு 10.2 பாகை, கிழக்கு 77.5 பாகை, ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து தேடினாலே போதும், வந்துவிடும். நேரம் இந்திய நேரமா என்றும் ஒருமுறை பாருங்கள்.

பட்டியலில் நிறைய எண்கள் இருக்கும். நான்கைப் பார்த்தால் போதும்.

தொடங்கும் நேரம். பெரும்பாலும் 24 மணிக் கணக்கில் இருக்கும். 05:12 என்றால் விடியற்காலை. அதை மாலை என்று நினைத்துக்கொண்டு அழைப்பு அனுப்பிவிடாதீர்கள்.

தொடங்கும் திசை. தென்மேற்கு, வடமேற்கு என்று சுருக்க எழுத்தில் இருக்கும்.

உச்ச உயரம். தொடுவானம் பூஜ்யம், தலைக்கு நேர் மேலே 90 பாகை. சமவெளியில் இருப்பவர்கள் 20 பாகை வருகையைக்கூடப் பார்ப்பார்கள். நமக்குச் சுற்றிலும் மலை, தைல மரம், பைன் மரம். முதல் முறை பார்க்கப் போகிறவர்கள் 40 பாகைக்குக் கீழ் உள்ளதைத் தொடவேண்டாம். 60க்கு மேல் கிடைத்தால் அந்த நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரகாசம். இதில் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் மைனஸ் 1.5, வெள்ளி மைனஸ் 4 அளவில் இருக்கும். நிலையத்துக்கு மைனஸ் 3 அல்லது அதைவிடக் குறைந்த எண் போட்டிருந்தால் ஊர் விளக்குகளுக்கு நடுவிலும் தெரியும்.

பத்து நாளுக்கு முன்பே பார்த்து வைக்கலாம், தவறில்லை. ஆனால் நிலையத்தை அவ்வப்போது சற்று மேலே தூக்கிவிடுவார்கள். அதனால் நேரம் மாறும். அன்றைக்குக் காலையில் மறுபடி பார்த்துவிட்டே எல்லோருக்கும் சொல்லுங்கள்.

நிற்கும் இடம்

மலையில் இடம் தேர்வதுதான் கொஞ்சம் சிரமமான வேலை. அதைப் பகலிலேயே செய்துவிட வேண்டும். ஏரிக்கரை அழகாக இருக்கும், ஆனால் அது ஒரு கிண்ணத்தின் அடி போல. சுற்றிலும் மரம், கடை விளக்கு. வீட்டு மொட்டை மாடி, பள்ளிக்கூட மைதானம், படிக்கட்டு வயல்களின் மேல் வரப்பு, இவைதான் நல்லவை. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருப்பவர்களுக்கு இருட்டு தானாகவே கிடைக்கிறது. மேற்குப் பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், எழுவது அங்கேதான். கிழக்குப் பக்கமும் திறந்திருந்தால் நிழலுக்குள் நுழைவதையும் பார்க்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இருட்டிய பிறகு வனத்துறைக்கு உட்பட்ட இடங்களுக்குப் போகாதீர்கள். சாலை வளைவுகளில் நிற்கவே வேண்டாம். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டி வருவது தெரியாது. அப்புறம் காட்டுமாடு. கொடைக்கானல் வீதிகளிலேயே அது நடமாடுகிறது என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்களுக்குத் தெரியாது. இருட்டில் கறுப்புப் பாறை போல அசையாமல் நிற்கும். மைதானத்துக்குள் நுழையும் முன் டார்ச் அடித்து ஒரு சுற்று பாருங்கள். நின்றிருந்தால் அன்றைக்கு வேறு இடம். ஐந்து நிமிடக் காட்சிக்காக அதை விரட்டப் போகாதீர்கள்.

கையால் வானத்தை அளப்பது

பாகை என்றதும் பயப்பட வேண்டாம். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்குங்கள். அந்தக் கைமுட்டியின் அகலம் வானத்தில் 10 பாகை. கையை நீட்டியபடியே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்தால் ஒரு சாண். அது 20 பாகைக்குச் சற்று மேல். சுண்டுவிரல் நுனியின் அகலம் ஒரு பாகை. பிள்ளையின் கை சிறிது, ஆனால் கைநீளமும் குறைவு. அதனால் பெரியவருக்கும் சிறியவருக்கும் கணக்கு ஏறத்தாழ ஒன்றாகவே வரும்.

இதைச் சரிபார்த்துக்கொள்ள நம் மலையில் ஒரு நல்ல வழி இருக்கிறது. துருவ நட்சத்திரம் நிற்கும் உயரம், நாம் இருக்கும் அட்சரேகைக்குச் சமம். கொடைக்கானலுக்கு அது 10 பாகை. அதாவது சரியாக ஒரு கைமுட்டி. பெரும்பாலான வீடுகளில் இருந்து அது மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் போல வடக்கே பழனிச் சமவெளி தெரியும் இடத்தில் உங்கள் வீடு இருந்தால், தொடுவானத்தின் மீது கைமுட்டியை வைத்துப் பாருங்கள். முட்டிக்கு மேல் ஒரு நட்சத்திரம் சுமாரான வெளிச்சத்தோடு அசையாமல் நிற்கும். ஒருமுறை கண்டுகொண்டால் வடக்கும் கிடைத்தது, அளவும் கிடைத்தது.

மேற்கைச் சூரியன் மறையும் இடத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஜனவரியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து இரண்டு முட்டிக்கு மேல் தெற்கே தள்ளி மறைகிறது. ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி. பகலில் போனில் இருக்கும் திசைகாட்டியை வைத்து, கன்னி மூலைக்கு எந்த மரம், ஈசானி மூலைக்கு எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாடியில் கன்னி மூலை என்றால் பாட்டி வீட்டுப் பேரிக்காய் மரம். பிள்ளைகள் திசையே சொல்வதில்லை, "பேரி மரத்துல வருதா?" என்றுதான் கேட்பார்கள்.

அன்றைய மாலை

பதினைந்து நிமிடம் முன்பே வந்துவிட வேண்டும். ஜனவரி இரவில் மேல்மலையில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர் இருக்கும். குல்லா, சால்வை இல்லாமல் வந்தவர் ஆறாவது நிமிடத்தில் வானத்தைப் பார்க்கமாட்டார், வீட்டுக் கதவைத்தான் பார்ப்பார். நாங்கள் ஒரு பிளாஸ்கில் சுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போவோம்.

மாடி விளக்கை அணையுங்கள், போன் வெளிச்சத்தைக் குறையுங்கள். நிலையம் பிரகாசமானதுதான், கண் இருட்டுக்கு முழுதாகப் பழக வேண்டிய அவசியமில்லை. ஆனால் அது எழும்போது மங்கலாகத்தான் எழும்; அந்த முதல் அரை நிமிடத்தைப் பிடிக்க வேண்டுமானால் கண் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். பட்டியலில் உள்ள தொடக்க நேரம் பெரும்பாலும் 10 பாகை உயரத்துக்குப் போட்டது. அப்போது நிலையம் நம்மிடமிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கு மேலே எங்கோ இருக்கிறது. நம் மலை விளிம்பைத் தாண்டி வர இன்னும் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகலாம். அதற்குள் "வரலையே" என்று திரும்பிவிட வேண்டாம்.

முதலில் ஒரு சாதாரண நட்சத்திரம் போல, சற்று மஞ்சளாக. மெதுவாக ஏறுவது போல இருக்கும். மூன்று முட்டி உயரம் வந்ததும் வேகம் பிடிக்கும், வெளிச்சம் கூடும். தலைக்கு மேலே வரும்போது அங்கிருக்கும் எல்லா நட்சத்திரங்களையும் மங்கச் செய்துவிடும். ஒரு சத்தமும் இருக்காது. முதல் முறை பார்க்கும் பெரும்பாலானோர் இந்தச் சத்தமின்மையைப் பற்றித்தான் பேசுவார்கள். அவ்வளவு வெளிச்சமான ஒன்று அவ்வளவு வேகமாகப் போகிறது, காது எதையோ எதிர்பார்க்கிறது, ஒன்றும் வரவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை அதிகபட்சம் ஆறு நிமிடம்.

மாலை வருகையில் பல நாட்களில் கிழக்கே இறங்கும் முன்பே அது மங்கும். சில நொடிகளில் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்துவிடும். மேகம் மறைத்துவிட்டது என்று புதியவர்கள் நினைப்பார்கள். இல்லை, நிலையம் பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. அதில் இருப்பவர்களுக்கு அந்த நொடி சூரிய அஸ்தமனம். ஒரு நாளில் அவர்களுக்குப் பதினாறு அஸ்தமனம் வரை உண்டு. அதில் ஒன்றை நாம் இங்கிருந்து பார்க்கிறோம். விடியற்காலை வருகையில் இதுவே தலைகீழாக நடக்கும். ஒன்றும் இல்லாத இடத்தில், சில சமயம் வானத்தின் நடுவிலேயே, சட்டென்று ஒரு வெளிச்சம் முளைக்கும். அதனால் விடியற்காலையில் மர அடையாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், எந்த உயரத்தில் தோன்றும் என்று பட்டியலில் பார்த்துக்கொண்டு வாருங்கள். மலையில் விடியற்காலை வானம்தான் பெரும்பாலும் தெளிவு. எழுந்திருக்க முடிகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை அதுதான்.

மேகம் மூடியிருந்தால்? குறித்த நேரம் முடியும் வரை உள்ளே போகாதீர்கள். சமவெளியில் மேகம் மூடினால் மூடியதுதான். இங்கே பள்ளத்திலிருந்து ஏறும் பனிமூட்டம் ஒரு நிமிடம் மூடும், மறு நிமிடம் கிழியும். அப்படிக் கிழிந்த ஒரு துண்டு வானத்தில், இருபது நொடி மட்டும் பார்த்த வருகைகள் எனக்கு நிறைய உண்டு.

விமானமா, நிலையமா

சிவப்பு, பச்சை விளக்கு மின்னினால் விமானம். நிலையம் மின்னாது, ஒரே சீரான வெளிச்சம். அரை நொடியில் கோடு கிழித்து மறைந்தால் எரிகல். வடக்கு தெற்காக மங்கலாகப் போவது வேறு ஏதாவது செயற்கைக்கோள். மணி கோத்தது போல வரிசையாகப் பல புள்ளிகள் போனால், புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்கள் வரை அப்படித் தெரியும்.

சீனாவின் தியாங்கொங் நிலையமும் நமக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் அதன் முதல் பகுதி போனது. வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள். அளவில் சிறியது என்பதால் வெளிச்சம் சற்றுக் குறைவு. அதே ஆப்பில் அதன் நேரமும் இருக்கும். சர்வதேச நிலையம் தெரியாத வாரங்களில் இதைப் பார்த்துப் பழகலாம்.

நாலு பேரைச் சேர்ப்பது

தனியாகப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாலு பேராகப் பார்த்தால் அதற்கு முன் பதினைந்து நிமிடமும் பின் அரை மணி நேரமும் சேர்ந்துகொள்ளும். கூப்பிடும் செய்தியில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். நாங்கள் அனுப்புவது இப்படி இருக்கும்: "இன்று மாலை 7.04க்கு நிலையம் வருகிறது. கன்னி மூலையில் தொடங்கும். 7.09 வரை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானம். 6.50க்கு வந்துவிடுங்கள். சால்வை, டார்ச் அவசியம்." நேரத்தைச் சுற்று எண்ணாக்காதீர்கள். ஏழு மணி என்றால் ஏழேகாலுக்கு வருவார்கள், 7.04 என்றால் ஓடி வருவார்கள்.

ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருவர் கடிகாரம். ஒருவர் மர அடையாளத்தின் மீது கண். ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சும். முதலில் கண்டவர் "வந்துடுச்சு" என்று கத்த வேண்டும், இது எங்கள் விதி. பாட்டிக்கு எண்பது வயதாகப் போகிறது, கழுத்தை நிமிர்த்த முடியாது. அவருக்குச் சாய்வு நாற்காலி போட்டுவிடுவோம். பெரியவர்கள் யாரையும் நிற்க வைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள், தலை சுற்றும்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "அத்தை, அவங்களுக்கு நம்மளைத் தெரியுமா?" தெரியாது, ஆனால் மதுரையின் விளக்குகளும் கோவையின் விளக்குகளும் தெரியும் என்று சொல்லுங்கள். உள்ளே ஏழு கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு மாடம் இருக்கிறது, 2010இல் பொருத்தியது; அங்கிருந்துதான் கீழே பார்ப்பார்கள். 2012 மார்ச்சில் அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரத்து வானியல் ஆர்வலர்கள் பெரிய விளக்குகளாலும் நீல லேசராலும் நிலையத்தை நோக்கி ஒளி காட்ட, மேலே இருந்த விண்வெளி வீரர் டான் பெட்டிட் அதைக் கண்டார். இதைக் கேட்டதும் பையன்கள் லேசர் தேடுவார்கள். அது விமானிகளின் கண்ணைக் கூசச் செய்யும், கூடவே கூடாது. கையசைத்தால் போதும். 2025இல் சுபான்ஷு சுக்லா அங்கே தங்கியிருந்தார். ஜூன் 26 அன்று போய்ச் சேர்ந்து ஜூலை 15 அன்று பூமிக்குத் திரும்பினார். நம் நாட்டுக்காரர் ஒருவர் அந்த வெளிச்சத்துக்குள் இருந்திருக்கிறார் என்று சொன்னபோது, எங்கள் பிள்ளைகள் கையசைத்த விதமே மாறிவிட்டது.

நோட்டுப் புத்தகம்

இதை விட்டுவிடாதீர்கள். நாள், முதலில் கண்ட நேரம், எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போனது, எங்கே மங்கியது, யார் யார் வந்தார்கள். ஐந்து வரிதான். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1901 முதல் சூரியனைப் பார்த்துப் பதிவு செய்து வருகிறார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். வானத்தைப் பார்த்தால் எழுதிவைக்க வேண்டும் என்பது இந்த மலையின் பழக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

எழுதத் தொடங்கினால் நட்சத்திரங்கள் தானாகப் பழகும். "ரோகிணிக்கு ஒரு முட்டி தெற்கே போனது" என்று எழுத, ரோகிணி எது என்று தெரிய வேண்டும். ஜனவரி மாலையில் கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு அருகே, அதையடுத்துச் செம்மஞ்சளாக ரோகிணி, கிழக்கே திருவாதிரை. பாட்டிக்கு இந்தப் பெயர்கள் பஞ்சாங்கத்தில் தெரியும், வானத்தில் தெரியாது. "இதுதான் என் நட்சத்திரமா?" என்று திருவாதிரையைப் பார்த்து அவர் கேட்ட நாளை நோட்டில் தனியாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

படம் எடுக்க விரும்புகிறவர்கள் போனைச் சுவரில் சாய்த்து, இரவுப் படமுறையில் பத்து முதல் முப்பது நொடி வரை திறந்து வையுங்கள். வானத்தில் ஒரு கோடு விழும். ஆனால் முதல் மூன்று வருகைகளுக்கு எடுக்காதீர்கள். இரட்டைக்குழல் தொலைநோக்கியில் பெரிய புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்காக வாங்க வேண்டாம்.

இந்த நிலையத்தை 2030 வரை இயக்கி, அதன்பின் பசிபிக் கடலில் இறக்கிவிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஆண்டுகள்தான். ஆகவே "அடுத்த சீசனில் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

வேறு ஊரில் இருப்பவரோடு சேர்ந்து பார்ப்பது

என் தங்கை தாம்பரத்தில் இருக்கிறாள். கன்னி மூலையிலிருந்து ஈசானி மூலைக்குப் போகும் பாதை, கொடைக்கானலில் இருந்து சென்னை இருக்கும் திசையை ஏறத்தாழ ஒட்டியே போகிறது. எங்களுக்குத் தலைக்கு மேல் வந்த நிலையம் ஒரே நிமிடத்தில் அவள் தலைக்கு மேல் போய்விடும். வருகைக்கு ஐந்து நிமிடம் முன்பு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மைதானத்துச் சுவரில் வைத்துவிடுவோம். பிள்ளைகள் "வந்துடுச்சு" என்று கத்துவார்கள். அவளுக்கு இன்னும் வந்திருக்காது. எங்களுக்கு உச்சியில் இருக்கும்போது அவள், "கன்னி மூலையில் நாலு முட்டி உயரத்துல இருக்கு அக்கா" என்பாள். உங்களுக்கும் சென்னையிலோ மதுரையிலோ யாராவது இருப்பார்கள். இப்படி ஒருமுறை செய்து பாருங்கள். அவர்களுக்கான நேரத்தை அவர்கள் ஊருக்குத் தனியாக எடுத்துக்கொடுக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

எழும் நேரம் ஊருக்கு ஊர் மாறும், உச்சிக்கு வரும் நேரமும் மாறும். ஆனால் நிழலுக்குள் நுழைவது எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நொடிதான், ஏனென்றால் வெயிலை இழப்பது நிலையம். நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எங்களுக்கு அது ஈசானி மூலையில் தாழ்வாக மங்கும், அவளுக்கு அதைவிட உயரத்தில் மங்கும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் போல ஆன பிறகு வரும், உச்ச உயரம் 60க்கு மேல் உள்ள வருகையைத் தேர்ந்தெடுங்கள். இது நன்றாகத் தெரியும். மங்கத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் "போகுது" என்று சொல்ல வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மைதானத்திலும் போனுக்குள்ளும் அந்தச் சொல் சேர்ந்தே வரும்.